கரடியின் மூன்று கோட்டுக் கம்பு

சோலைக்காட்டுக் குளத்தின் இக்கரையில் நான் நின்றேன். அக்கரையில் பலாமரம் நின்றது. நான் ஒரு கரடி. மட்டையால் பந்தை ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

"டொப்!"

பந்து குளத்தில் விழுந்தது. தவளைகள் எழுந்து நின்று கைதட்டின.

"கரடியண்ணே! பலாமரம் அந்தப் பக்கம் இருக்கு! தண்ணிக்குள்ள இல்ல!"

காட்டுக்கு மேலே மனிதர்கள் கோல்ஃப் ஆடும் புல்வெளி இருக்கிறது. அவர்கள் தொலைக்கும் பந்துகள் எங்கள் காட்டில்தான் வந்து விழும். சரியாக அடிபடாத கோபத்தில் அவர்கள் ஒடித்து எறியும் மட்டைகளின் இரும்புத் தலைகளும் விழும். முள்ளம்பன்றி முள்ளாயி அந்தத் தலைகளுக்குப் புதுக் கம்பு மாட்டித் தருவாள். மெதுவாக வீசுபவர்களுக்கு நன்றாக வளையும் பிரம்பு; அதில் ஒரு கோடு கீறியிருப்பாள். வேகமாக வீசுபவர்களுக்கு லேசில் வளையாத கல்மூங்கில். அதில் மூன்று கோடு. இடைப்பட்டவர்களுக்கு இரண்டு.

ஆனி மாதம், பழம் கனியும் முன் போட்டி. ஆளுக்கு ஒரு பந்து. குளத்தைத் தாண்டி மரத்தடிக்கு மிக அருகில் போடுபவருக்கு அந்த வருஷத்துப் பலா முழுவதும் சொந்தம். மூன்று வருஷமாகப் பலா கருமந்தி வால்சாமிக்குப் போனது. என் பந்து குளத்துக்குப் போனது. நாலாவது முறையும் தோற்றவர் ஆட்டத்தை விட்டுவிட்டு மற்றவர்களுக்குப் பந்து பொறுக்க வேண்டும் என்பது காட்டு விதி. போட்டிக்கு இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது.

முள்ளாயியின் வளைக்குப் போனேன்.

"முள்ளாயி! இந்த மூணு கோட்டுக் கம்பு என் பலத்துக்குப் பத்தல. நாலு கோடு இருக்கா?"

"வீசிக் காட்டுங்கண்ணே."

வீசினேன். வீசி முடிப்பதற்குள் அவள் ஒரு கிழங்கைத் தின்று முடித்துவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. கம்பு வளைஞ்சு நிமிர்ற வேகத்துலதான் பந்து மேல எழும்பும். உங்க வீச்சுக்குக் கல்மூங்கில் வளையவே வளையாது. அதான் பந்து தாழப் போய் வலப்பக்கமா விழுது. அடிச்சதும் கை விர்ருன்னு அதிருமே?"

மூன்று வருஷமாக அதிருகிறது. அதை வீரம் என்று நினைத்திருந்தேன்.

"உங்களுக்கு ஒரு கோடுதான் சரி."

"ஒரு கோடா! அது ஆடி அசைஞ்சு நகர்ற தேவாங்கு தூக்கிட்டுத் திரியிற கம்பு! வடக்கே பெரிய காட்டுல பத்து வருஷம் இருந்துட்டு வந்தவன் நான். அங்கே எனக்கு மூணு கோடு!"

"அங்கே கோடு கீறினது நானா? அவங்க மூணு கோடு நம்ம ஒரு கோடோ என்னவோ, யார் கண்டா? அது போகட்டும், அப்போ உங்களுக்கு என்ன வயசு?"

இந்தக் கேள்வி காதில் விழாததுபோல் மரத்தில் முதுகைத் தேய்த்தேன்.

முள்ளாயி பெருமூச்சு விட்டாள். வளைக்குள் போனாள். கறுக், கறுக் என்று ஏதோ கேட்டது. பிறகு பிசின் பூசிய புதுக் கம்பு ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் ஆழமாக மூன்று கோடு. கோட்டைப் பார்த்த என் கண் வேறு எதையும் பார்க்கவில்லை.

"இதான் கம்பு! கையில எடுத்ததுமே தெரியுது பாரு!"

"தெரியும்ண்ணே, தெரியும்," என்றாள் முள்ளாயி.

போட்டி நாள் வந்தது. காடே கரையில் கூடியது.

"என்ன மாமா, பந்து பொறுக்கக் கூடை கொண்டு வந்தீங்களா?" என்று வால்சாமி கேட்டான். நீளக் கையால் மின்னல்போல் ஒரு வீச்சு வீசினான். அவன் பந்து மரத்துக்குப் பத்தடி தள்ளி விழுந்தது.

அடுத்து நான். கண்ணை மூடிக்கொண்டு வீசினேன். கை அதிரவில்லை. "டொப்" என்ற சத்தமும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தேன். பந்து குளத்தைத் தாண்டி, பலாவின் வேரில் முட்டி நின்றது!

தவளைகள் வாய் மூட மறந்தன. அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"பார்த்தீங்களா! மூணு கோட்டுக் கம்பை ஆள ஒரு உடம்பு வேணும்! எல்லாருக்கும் வாய்க்காது!"

"மாமா, நானும் ஒருதரம் அடிச்சுப் பார்க்கட்டுமா?" என்றான் வால்சாமி.

பெருந்தன்மையாகக் கொடுத்தேன். அவன் தன் வேகத்தில் வீசினான். கம்பு வில்லாக வளைந்தது. பந்து இடப்பக்கம் பறந்து முட்புதருக்குள் போனது. அவன் கம்பைக் கையால் வளைத்துப் பார்த்தான்.

"மாமா! இது பிரம்பு!"

காடே முள்ளாயியைப் பார்த்தது.

"ஒரு கோட்டுக் கம்புதான்," என்றாள் அவள். "ரெண்டு கோடு கூடுதலாக் கீறினேன். அது இல்லாம அண்ணனால அடிக்க முடியாது."

"என் கம்பும் அதே பிரம்புக் கொடியில வெட்டினதுதான்," என்று தேவாங்கு மெதுவாகச் சொன்னது.

அந்த நேரம் குளம் கொஞ்சம் ஆழமாக இருந்திருந்தால் நான் உள்ளே இறங்கியிருப்பேன். நல்லவேளை, கிழத் தவளை தீர்ப்புச் சொன்னது: "பந்துக்குக் கோடு படிக்கத் தெரியாது! அது வேரடியில கிடக்கு. பழம் கரடிக்குத்தான்!"

பலா கனிந்ததும் முதல் பழத்தை முள்ளாயிக்குக் கொண்டுபோனேன். அவள் சுளையைச் சப்பிக்கொண்டே, "கம்பைக் குடுங்கண்ணே, அந்தப் பொய்க் கோடு ரெண்டையும் சுரண்டிடுறேன்," என்றாள்.

சுற்றிலும் பார்த்தேன். மேலே கிளையில் தேவாங்கு மட்டும் இருந்தது.

"உனக்கு எதுக்கு வீண் சிரமம்? இருந்துட்டுப் போகட்டும்!"

தேவாங்கு சிரிக்க ஆரம்பித்தது. அது சிரித்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: நாலு பேர் பார்க்கும் கோட்டைப் பார்க்காமல் தன் கையின் வேகத்தைப் பார்த்துக் கம்பெடுப்பவருக்குப் பழம் கிடைக்கும், கோட்டைப் பார்த்து எடுப்பவருக்கும் கிடைக்கும், பக்கத்தில் ஒரு முள்ளம்பன்றி இருந்தால்.