மணி தட்டாமல் இறங்கிய மகாராஜா

நீலமங்கலத்து மகாராஜா ஆற்றைக் கடக்கப் புதிதாகப் படகுகள் விட்டார். பயணிகளுக்குப் பெயர் பொறித்த செப்பு வில்லை உண்டு. ஏறும்போது துறையில் தொங்கும் மணியில் அதை ஒருமுறை தட்ட வேண்டும், இறங்கும்போதும் தட்ட வேண்டும். எழுத்தர் ஏட்டில் குறித்துக்கொள்வார். இதற்கு மொத்தம் நாற்பத்தேழு விதிகள். அத்தனையும் மனப்பாடமாகத் தெரிந்தவர் துறை அதிகாரி மருதப்பர் ஒருவர்தான். அவர் போவது வருவதெல்லாம் பல்லக்கில்.

அக்கரைச் செங்கமலம் ஒருநாள் காலை கத்தரிக்காய்க் கூடையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு இக்கரையில் இறங்கினாள். மணியைத் தட்ட மறந்துவிட்டாள். காய் விற்று, மறுநாள் மகள் நிச்சயத்துக்கு மஞ்சள், தேங்காய், தாம்பாளம் எல்லாம் வாங்கிக்கொண்டு மதியம் துறைக்கு வந்தால், படகில் ஏற விடவில்லை.

"நீ இன்னும் படகை விட்டு இறங்கவில்லை" என்றார் மருதப்பர்.

"உங்க முன்னாலதானே நிக்கறேன் சாமி?"

"ஏட்டில் நீ படகில் இருக்கிறாய். படகில் இருப்பவள் மறுபடி எப்படி ஏறுவாய்? ஏறிய துறையில் போய்த் திருத்தம் எழுதி வாங்கி வா."

"அது அக்கரையில இருக்கே."

"அதனாலென்ன? படகில் போ."

அவள் கூடையோடு அரண்மனை வாசலில் வந்து அழுதாள். விசாரித்தவன் அங்கமுத்து. மகாராஜாவைச் சிரிக்கவைப்பதுதான் சபையில் அவன் வேலை. மருதப்பரையும் வரவழைத்து, அவளை உள்ளே அழைத்துப் போனான். மகாராஜாவை வணங்காமல் காலை நீட்டி உட்கார்ந்தான்.

"என்ன அங்கமுத்து, மரியாதை குறைகிறது?"

"மகாராஜா சபையில் இல்லையே."

"பிறகு நான் யார்?"

"எனக்குத் தெரிகிறது. ஏட்டுக்குத் தெரியவில்லை. படகு விடும் விழாவில் அக்கரையில் மணி தட்டி ஏறினீர்கள். இங்கே இறங்கியதும் பூரணகும்பத்தை இரு கையாலும் வாங்கினீர்கள். மணியை யார் தட்டினார்கள்?"

மகாராஜா மருதப்பரைப் பார்த்தார். "எனக்கு விலக்கு உண்டல்லவா?"

மருதப்பர் கைகட்டிச் சொன்னார். "ராஜாவுக்கும் விலக்கில்லை என்பதுதான் முதல் விதி, மகாராஜா. கேட்டதும் நீங்கள்தான் கைதட்டினீர்கள்."

"சரி, நான் இறங்க என்ன வழி?"

"அக்கரையில் திருத்தம் வாங்க வேண்டும்."

"எதில் போவது?"

மருதப்பர் விதிகளை முதலிலிருந்து விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"நீந்தலாம் மகாராஜா" என்றான் அங்கமுத்து. "இந்த அம்மாவும் அதைத்தான் யோசிக்கிறாள். துணையாச்சு."

மகாராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஏறிய துறையில் திருத்தம் வாங்கும் விதியை மட்டும் அங்கேயே அடித்துவிட்டார். அங்கமுத்துவுக்கு ஒரு பொற்கடகம் கிடைத்தது. செங்கமலத்தின் கூடையை மருதப்பரே சுமந்து அவளை வீட்டில் விட்டுவர வேண்டும் என்று உத்தரவானது.

பொழுது சாயுமுன் படகு அக்கரையைத் தொட்டது. மருதப்பர் கூடையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து இறங்கி நடந்தார்.

பின்னாலிருந்து செங்கமலம் கூப்பிட்டாள்.

"சாமி, மணி தட்டலையே."