மஞ்சள் பல் மூக்காயி

கரடிமலையில் ஒரு அநியாயச் சட்டம் இருந்தது. இலுப்பைப் பூ உதிர்வதற்கு முன்னால், கரடிகளெல்லாம் குளத்தங்கரையில் வரிசையாக வாயைத் திறந்து நிற்க வேண்டும். நாட்டாமைக் குரங்கு பல்லைப் பார்க்கும். வெள்ளைப் பல்லுக்கு வருஷம் முழுக்கத் தேனடை பரிசு. மஞ்சள் பல் என்றால் சொத்தையாம், கல்லால் தட்டி எடுத்துவிட வேண்டுமாம்! எந்தப் புத்திசாலி போட்ட சட்டமோ!

அந்த வருஷமும் இளங்கரடி சடையனின் பல்தான் பளபளவென்று இருந்தது. "இதுதாண்டா பல்லு!" என்று குரங்கு கைதட்டியது. "மூணாவது வருஷமா உனக்குத்தான் பரிசு. தின்னு ராசா!"

அடுத்து நின்றவள் வயதான கரடி மூக்காயி. இந்த வருஷம் அவள் பல் நல்ல மஞ்சளாகியிருந்தது.

"ஐயே! அத்தனையும் சொத்தை! கல்லை எடுங்க!"

மூக்காயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதுய்யா சொத்தை? நேத்துதான் விளாம்பழத்தை ஓட்டோட கடிச்சேன்! பல்லைத் தட்டிட்டா நான் எதைத் தின்னு உயிர் பிழைக்கிறது?"

"எதிர்த்துப் பேசாதே! வாயைத் திற!"

"நிறுத்து!" என்று கிளையிலிருந்து ஒரு குரல் வந்தது. மரங்கொத்தி! பட்டையைப் பார்த்து மரத்தை நம்பாத பறவை அது. "நான் தட்டிப் பார்க்கிறேன்."

மூக்காயியின் பல்லைத் தட்டியது. டங், டங்! கல் மாதிரி கெட்டி.

சடையனின் பல்லை லேசாகத்தான் தட்டியது. பொத்! வெள்ளை ஓடு உடைந்தது. உள்ளே ஒரே கறுப்பு. "ஐயோ, அம்மா!" என்று அவன் அலறிய அலறலில் காடே அதிர்ந்தது.

மரங்கொத்தி குரங்கின் பக்கம் திரும்பியது. "உதிர்ந்த பல் எத்தனையைக் கொத்திப் பிளந்து பார்த்திருக்கேன்! பல்லுக்குள்ளே முடியைவிட மெல்லிசா குழாய்கள் இருக்கு. இளம்பல்லில் அவை திறந்து கிடக்கும். சொத்தை ஒரே ஓட்டமா உள்ளே போயிடும். வயசானா அவை அடைபடும், பல்லின் உள்பக்கம் தடிக்கும். அந்தத் தடிப்புதான் மஞ்சளாத் தெரியுது! அதிலும் சொத்தை விழலாம், ஆனா திணறித் திணறித்தான் நகரும். தேனை ஊட்டி ஊட்டி இந்தப் பிள்ளை பல்லைக் கெடுத்தது யாரு? நீதானே!"

குரங்கு கல்லைப் போட்டுவிட்டு மரமேறப் பார்த்தது. மூக்காயி அதன் வாலைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கே ஓடுறே? போன வருஷம் என் தங்கச்சி பல்லை எல்லாம் தட்டி எடுத்தியே! பட்டினி கிடந்தே செத்தாளே! அவளுக்கு என்ன பதில்?"

குரங்கு வாலை உருவிக்கொள்ளத்தான் பார்த்தது.

நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவன், நல்லதைப் பிடுங்கி எறிவான், கெட்டதற்குப் பரிசு கொடுப்பான்.