பொட்டு வைத்த வளையல்

ஓர் ஆய்வுக்கூடத்தின் ஃப்ரீசரில் ஒரு கத்தரி குடியிருந்தது. இரும்புக் கத்தரி அல்ல, டி.என்.ஏ.வை வெட்டும் நொதி, அதாவது என்சைம். ஒரு கத்தரி என்பதுகூடச் சரியல்ல. விரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய்க்குள் கோடிக்கணக்கில் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே மனசு என்பதால் ஒன்று என்றே வைத்துக்கொள்ளலாம்.

அது பிறந்த ஊர் ஒரு பாக்டீரியா. அங்கே அதற்குக் காவல் வேலை. வைரஸின் டி.என்.ஏ. உள்ளே நுழைந்தால் அதன் நீண்ட எழுத்து வரிசையில் குறிப்பிட்ட ஆறெழுத்தைத் தேடி, அந்த இடத்தில் வெட்ட வேண்டும். அதே ஆறெழுத்து சொந்த வீட்டு டி.என்.ஏ.விலும் உண்டு. ஆகவே வீட்டாருக்கு அந்த எழுத்தின்மேல் மெத்தில் என்ற சின்னப் பொட்டு வைத்துவிடுவார்கள். பொட்டு இருந்தால் வெட்டக்கூடாது. கத்தரிக்குத் தெரிந்த சட்டம் இது ஒன்றுதான்.

ஒரு நாள் காலை, ஜெபக்கனி என்ற ஆராய்ச்சி மாணவி கத்தரியை வெளியே எடுத்தாள். அவளிடம் வட்டமான டி.என்.ஏ. ஒன்று இருந்தது. பிளாஸ்மிட் என்பது அதன் படித்த பெயர், பார்க்க வளையல். அதை ஓரிடத்தில் வெட்டித் திறந்து, நடுவே ஒரு மரபணுவைச் சேர்க்க வேண்டும். கத்தரியையும் வளையலையும் ஒரே குழாயில் விட்டு, உடம்புச் சூட்டில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனாள்.

"வாங்கண்ணே," என்றது வளையல். "நான் ரெடி. வெட்டுங்க."

கத்தரி ஆறெழுத்தைக் கண்டுபிடித்து வாயைத் திறந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது.

"என்னண்ணே?"

"பொட்டு வச்சிருக்கியேம்மா."

"இதுவா? நான் வளர்ந்த பாக்டீரியாவுல எல்லாருக்கும் வைப்பாங்க. இது உங்க ஊர்ப் பொட்டே இல்ல."

"எந்த ஊர்ப் பொட்டா இருந்தா என்ன? வெட்டுற இடத்துல இருக்கு."

"நானேதான் சொல்றேன், வெட்டுங்கன்னு."

"நீ சொல்லலாம். நான் கேட்கக் கூடாது."

இருவரும் எதிரெதிரே சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

வெட்டு விழுந்ததா என்று ஜெபக்கனி ஜெல்லில் ஓட்டிப் பார்த்தாள். வளையல் வளையலாகவே இருந்தது. கத்தரியை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். நேரத்தைக் கூட்டினாள். தண்ணீரைச் சந்தேகப்பட்டாள், உப்பைச் சந்தேகப்பட்டாள், போன வாரம் கரண்ட் போனதைச் சந்தேகப்பட்டாள். வளையலை மட்டும் சந்தேகப்படவில்லை. அது அவளே வளர்த்தது.

கடைசியில் கத்தரியின் குழாய் மூடியில் கறுப்பு மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். "செத்துப்போச்சு. சாயங்காலம் தூக்கிப் போட்டுடணும்," என்று ஃப்ரீசரில் திரும்ப வைத்தாள்.

ஃப்ரீசரில் பக்கத்துக் குழாயில் இன்னொரு கத்தரி இருந்தது. நான்கெழுத்தைக் கண்டாலே போதும், பொட்டு கிட்டு எதுவும் பார்க்காமல் கண்ட இடமெல்லாம் வெட்டும். பெயர் தடாலடி.

"என்ன தம்பி, தலையில கறுப்பா கோலம்?"

"குப்பைக்குப் போறேன். மழுங்கிட்டேனாம்."

"ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டு வெட்டித் தொலைக்க வேண்டியதுதானே? யார் பார்க்கப் போறா?"

"அப்படி ஒரு தடவை எங்க ஊர்ல வெட்டியிருந்தா எனக்கு ஊரே இருந்திருக்காது."

"இப்ப மட்டும் இருக்கோ?"

கீழ்த்தட்டில் இருந்த பொட்டு வைத்த வளையல்கள் எல்லாம் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தன.

சாயங்காலம் ஜெபக்கனி குழாயைக் குப்பைக்கூடைக்குக் கொண்டுபோனாள். அடுத்த மேசைக்காரி நாச்சியார் தலையைத் திருப்பினாள்.

"எதைடி தூக்கிப் போடுற?"

"செத்துப்போன என்சைம்."

"போன வாரம் எனக்கு ஜம்முனு வெட்டுச்சே!"

"உனக்கு வெட்டும். உன் ராசி அப்படி."

"ராசியாவது! பிளாஸ்மிட்டை எதுல வளர்த்த?"

"எப்பவும் வளர்க்கிற பாக்டீரியாவுலதான்."

"மெத்தில் வைக்கிறதுலயா, வைக்காததுலயா?"

குப்பைக்கூடைக்கு மேலே ஜெபக்கனியின் கை நின்றது. கத்தரியின் வாய் நின்றதைப் போலவே நின்றது.

"ஐயையோ," என்றாள். பிறகு குரலை இறக்கி, "சார்கிட்ட சொல்லிடாதடி."

"பஜ்ஜி வாங்கிக் குடு. யோசிக்கிறேன்."

ஜெபக்கனி வளையலை இம்முறை பொட்டு வைக்கும் பழக்கம் இல்லாத பாக்டீரியாவில் வளர்த்தாள். வெறும் நெற்றியோடு வந்த வளையலும் கத்தரியும் மறுபடி ஒரே குழாயில் சந்தித்தன.

"இப்ப பாருங்கண்ணே."

கத்தரி ஆறெழுத்தைப் பார்த்தது. சந்தேகம் தீர இன்னொரு முறையும் பார்த்தது.

"வலிக்குமாண்ணே?"

"தெரியாதும்மா. என்னை யாரும் வெட்டினதில்ல."

நறுக்.

ஜெல்லில் வெட்டுப்பட்ட வளையலின் கோடு இடம் மாறிப் பளிச்சென்று நின்றது. ஜெபக்கனி அத்தனை நாளும் உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். பிறகு பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, குழாய் மூடியில் இருந்த பெருக்கல் குறியைத் துடைத்தாள். "உன்னைப் போய் அநியாயமா சாகடிக்கப் பார்த்தேனே," என்று அதனிடம் சொன்னாள். பக்கத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த நாச்சியார் கேட்காதது போல இருந்தாள்.

கத்தரி ஃப்ரீசருக்குத் திரும்பியதும் கீழ்த்தட்டில் ஒரே சலசலப்பு. பொட்டு வைத்த வளையல்கள் ஒவ்வொன்றாக வந்து அதன் பக்கத்தில் இடம் கேட்டன. கொஞ்ச நேரத்தில் நிற்க இடமில்லை.

தடாலடிக்குப் பொறுக்கவில்லை. "அதுவும் கத்தரி, நானும் கத்தரி. ஏன், என் பக்கத்துல இடமா இல்ல?"

"இருக்குண்ணே," என்றது ஒரு சின்ன வளையல். "நிறைய இருக்கு. அதான் பயமா இருக்கு."