அரசமரமாக நின்ற மாப்பிள்ளை

மார்கழி பிறந்தால் மற்ற ஊர்களில் ஒலிபெருக்கி காதைக் கிழிக்கும். நாரைகாத்தான்குளத்தில் மட்டும் தும்மல் வந்தால்கூடப் பக்கத்து ஊருக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருவார்கள். பனிக்காலம் முழுக்கக் குளத்தில் வெளியூர்ப் பறவைகள் தங்கியிருக்கும். அவை பயந்து பறந்தால் மழையும் கூடவே போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. அதனால் பூசாரி கோயில் மணியின் நாக்கைப் பழந்துணியால் கட்டிவிட்டு, வீடு வீடாகப் போய் ஒவ்வொருவர் காதிலும் "டாண், டாண்" என்று சொல்லிவிட்டு வருவார். பொங்கல் பொங்கும்போது "பொங்கலோ பொங்கல்" என்று பானைக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கிசுகிசுப்பார்கள்.

இப்பேர்ப்பட்ட ஊரில் வெயிலுமுத்துவுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. பெண் யாரென்றால் மாசானத்தின் மகள் பூரணத்தாய். ஜோசியர் தை மாதத்தில்தான் தாலி ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டார். மேளம் வராமல் பெண்ணைத் தரமாட்டேன் என்றார் மாசானம். குளத்தில் ஒரு பறவை இருக்கும்வரை மேளத்தில் கை படக்கூடாது என்றது ஊர். தை மாதத்தில் குளத்தில் பறவைதான் இருக்கும், தண்ணீரே தெரியாது.

"இந்தத் தையும் தப்பிட்டுன்னா, பறவையே எட்டிப் பார்க்காத ஊரா பார்த்து எம்பிள்ளையைக் கட்டிக் குடுத்துருவேன்" என்றார் மாசானம். அன்றைக்கு வெயிலுமுத்துவுக்கு மூன்றாவது தட்டுச் சோறு இறங்கவில்லை.

ஊர் கூடியது. கிசுகிசுவென்று பேசியது.

"பறவைக்கு மேளம் பிடிக்காதுன்னு நமக்கு யாருவே சொன்னா?" என்றான் வெயிலுமுத்துவின் கூட்டாளி சுடலைக்கண்ணு. "கிட்ட இருந்து பார்த்தாத்தானே தெரியும்? ஒருவேளை அதுகளுக்குத் தவில்னா உயிரா இருக்கலாம்லா?"

ஊருக்கே அது நியாயமாகப் பட்டது. அப்போது டவுனிலிருந்து பைனாகுலரோடு பறவை பார்க்க வந்திருந்த ஒரு சாரிடம் போய், கிட்ட இருந்து பார்ப்பது எப்படி என்று கேட்டார்கள். "மரத்தோட மரமா நின்னுடணும். அசையவே கூடாது" என்றார் சார்.

வெயிலுமுத்து உடனே வேட்டியை மடித்துக் கட்டினான். ஆனால் ஊருக்கு ஒரு சந்தேகம்.

"மரம்னாரே, என்ன மரம்னு சொல்லலையே?"

"முருங்கையா நில்லுல."

"முருங்கையில பேய் ஏறும்வே. கல்யாண மாப்பிள்ளை, பாவம்."

"அப்போ பனை?"

"பனைன்னா நாளைக்கு எவனாவது நொங்கு வெட்ட அரிவாளோட ஏறுவான்."

கடைசியில் பூசாரி முடிவு சொன்னார்: "அரசா நில்லு. அரசமரத்துல அரிவாளை வைக்க எவனுக்கும் தைரியம் வராது."

விடியும் முன்னே வெயிலுமுத்து உடம்பெல்லாம் சேறு பூசி, அரச இலைகளை ஒட்டிக்கொண்டு, கைகளை விரித்துக் கரையில் நின்றான். பனி சொட்டியது. முக்குளிப்பான்கள் முங்கி முங்கி எழுந்தன. கூழைக்கடா ஒன்று பைபோன்ற அலகைத் திறந்து மீனைக் கவிழ்த்துக்கொண்டது. ஆகா என்று சொல்ல வாய் துடித்தது. மரம் ஆகா என்று சொல்லாதே என்று அடக்கிக்கொண்டான்.

ஆடு ஒன்று வந்து முழங்கால்வரை இலைகளைத் தின்றது. சும்மா இருந்தான். அதன் சொந்தக்காரன் வந்து ஆட்டை அவன் காலிலேயே கட்டிவிட்டுப் போனான். மூக்கு அரித்தது. மரங்களுக்கும் அரிக்கத்தான் செய்யும், வெளியே சொல்வதில்லை, அதுதான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டான்.

மத்தியானம் சுடலைக்கண்ணு தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்து, அவன் காலடியில் சுற்றி ஊற்றினான். "வேர்ல ஊத்துனாத்தான் மேல ஏறும், மக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். வெயிலுமுத்து கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஏறவில்லை.

சாயங்காலம் பூரணத்தாய் வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். "மரம்னு இருந்தா பொந்துன்னு ஒண்ணு இருக்கும்லா, அத்தான்?" என்று சொல்லிவிட்டு, பொந்துக்குள் ஒரு கொழுக்கட்டையைத் திணித்தாள். உள்ளே தேங்காய்ப் பூரணம். மரத்துக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

மேளம் பிடிக்குமா என்று அவன் பறவைகளைச் சோதிப்பதற்குள் பறவைகள் அவனைச் சோதித்துவிட்டன. ஒரு குருட்டுக் கொக்கு தலையில் இறங்கியது. போனது, சுள்ளியோடு வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. கூடு எழும்பியது. கூட்டில் முட்டையும் விழுந்தது.

அக்கரையிலிருந்து பைனாகுலரில் பார்த்த சார், "அருமையான இளமரம்! கொஞ்சம் வாடிக் கிடக்கு, அவ்வளவுதான். குஞ்சு பொரிச்சுப் பறக்கிறவரைக்கும் அதை யாரும் அசைச்சிடாதீங்க" என்று ஊராரிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

முகூர்த்த நாள் வந்தது. மாசானம் மேளக்காரரோடு கரைக்கு வந்து மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்ள, கல்யாணத்துக்கு வாரீரா, இல்லையா?"

மரத்துக்குப் பதிலாகக் கொக்குதான் "குர்ர்" என்றது.

"ஒரு மரத்துக்கு எப்படிவே பொண்ணைக் குடுக்கிறது?" என்று மாசானம் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். வெயிலுமுத்துவின் நெஞ்சு படபடத்ததில் இலைகளெல்லாம் நடுங்கின.

"இதுல என்ன இருக்கு?" என்றார் பூசாரி. "அரசுக்கும் வேம்புக்கும் கல்யாணம் பண்ணி வைக்கிறது காலங்காலமா நடக்கிறதுதானே? அரசு ரெடியா நிக்கி. பிள்ளையை வேம்பாக்கி நிறுத்தும்."

பூரணத்தாய் பட்டுச்சேலைமேல் வேப்பங்கொத்துகளைக் கட்டிக்கொண்டு, அவன் பக்கத்தில் சந்தோஷமாக வேர்விட்டு நின்றாள்.

மேளம் தொடங்கியது. தவில்காரர் தோலுக்கு ஒரு சாண் மேலே காற்றில் வாசித்தார். நாயனக்காரர் கன்னத்தை மட்டும் உப்பினார். ஊரே தலையாட்டியது. "தோடி கொஞ்சம் சத்தம் கூடிப்போச்சு" என்று ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார்.

தாலி கட்டும் நேரம். மரம் கையை அசைக்கக்கூடாதே!

"காத்தடிச்சா மரம் ஆடும்லா?" என்றான் சுடலைக்கண்ணு.

அவ்வளவுதான். ஊரே சுற்றி நின்று கன்னம் உப்பி ஊதியது. உஃப்! உஃப்! அரசமரத்துக் கிளைகள் மெல்ல ஆடி, மஞ்சள் கயிற்றை வாங்கி, வேப்பமரத்தின் கழுத்தில் முடிச்சுப் போட்டன. கொக்கு அசையவில்லை. எல்லோரும் அட்சதை தூவினார்கள். மணமக்களுக்கு விருந்தாக வேரடியில் ஒரு கூடை எருவும் விழுந்தது.

மறுநாள் காலை, பனிமூட்டத்துக்குள் யாரோ ஈர வேட்டியோடு மரங்களைச் சுற்றிச் சுற்றி வருவது தெரிந்தது. சுடலைக்கண்ணு கிட்டே போய்ப் பார்த்தான். மாசானம்.

"என்ன பெரியப்பா, இந்தக் குளிர்ல?"

"சும்மா இருல" என்று மாசானம் கண்ணை மூடியபடியே கிசுகிசுத்தார். "அரசையும் வேம்பையும் சேர்த்துச் சுத்தினா வீட்டுல குழந்தை பிறக்கும்பாங்க. எனக்குச் சீக்கிரமா ஒரு பேரன் வேணும்."