புகை விடாத கல்யாண வண்டி

குறிச்சிப்பாளையத்தில் மூன்று கூட்டாளிகள் உண்டு. மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அது இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், ஆளாளுக்கு அடுத்தவரைக் கை காட்டுவார்கள்.

அவர்களில் மூத்தவர் சடையப்பன். அவரிடம் ஒரு பழைய அம்பாசடர் கார் இருந்தது. அது தெருவில் போனால் கிளம்புகிற புகையில், பொழுது சாய்ந்துவிட்டதென்று கோழிகள் கூட்டுக்குள் அடைந்துவிடும். ஆனாலும் அந்த வண்டி மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். மகள் மரகதம் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததே அதில்தான்.

இப்போது மரகதத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். புகை என்றாலே ஆகாது, ஊதுபத்தியைக்கூட ஜன்னலுக்கு வெளியே கொளுத்துகிற ஆள்.

"மாமா, பொண்ணு உங்க கார்லயே வரட்டுமுங்க. ஆனா புகை டெஸ்ட்ல பாஸாகோணும். இல்லீன்னா நானே வேற வண்டி அனுப்பறேன்" என்று தன்மையாகத்தான் சொன்னார். சடையப்பனுக்குத்தான் பொறுக்கவில்லை. பெத்த மகள் ஊரான் வண்டியில் போவதா?

மெக்கானிக் சாதிக் பாயிடம் ஓடினார். "மொதல்ல தேவையில்லாத பாரத்தை எறக்குங்கண்ணே. தேவையில்லாம இன்ஜினை ஓட விடாதீங்க. அப்புறம் கொண்டாங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார் பாய். மிச்சத்தைக் கேட்க யார் நின்றார்கள்!

கூட்டாளிகள் நாச்சிமுத்துவும் ராக்கியப்பனும் வந்து வண்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பின்னாடி பாக்கற கண்ணாடி எதுக்கு? நாம முன்னாடிதான போறோம்?" என்றார் நாச்சிமுத்து. கழற்றினார்கள்.

"ஹாரன்?"

"வண்டி வர்ற சத்தம் பக்கத்து ஊருக்கே கேக்குது. அது ஒரு வீண் பாரம்." அதுவும் போயிற்று. பின் சீட்டும் ஸ்டெப்னி டயரும் இறங்கின.

கழற்றியதை வாசலில் போட்டுவிட்டுப் போனால் எவனாவது தூக்கிப் போய்விடுவானே! அதனால் சோதனை ஓட்டத்தின்போது நாச்சிமுத்து பின் சீட்டைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். ராக்கியப்பன் டயரை மடியில் வைத்துக்கொண்டார். "பாரம் நம்ம மேலதான இருக்குது, வண்டிக்கு என்ன வந்துச்சு?" என்றார். சடையப்பனுக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் புகை மட்டும் பழையபடியே வந்தது.

"அப்ப இன்ஜின்தான்" என்றார் ராக்கியப்பன். "அது எப்பத் தேவை, எப்பத் தேவையில்ல?"

நாச்சிமுத்து வெகுநேரம் யோசித்தார். மூளை அன்றைக்கு அவர் முறை போலிருக்கிறது. "எறக்கத்துல வண்டி தானாப் போகுது. மேட்டுல எப்படியும் ஏறாது. சமதரையில நாம தள்ளறோம். அப்ப இன்ஜின் எப்பவுமே தேவையில்லையப்பா!"

சடையப்பன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இத்தனை வருசமாக அந்த இன்ஜினுக்குப் போட்ட பெட்ரோலை நினைத்து ராக்கியப்பன் கண்ணே கலங்கிவிட்டது.

டவுனில் இருக்கிற புகை டெஸ்ட் கடை வரைக்கும் தள்ள முடியுமா? ராக்கியப்பனின் காளைகள் செவலையையும் மயிலையையும் வண்டிக்கு முன்னால் பூட்டினார்கள். தெம்பாக இழுக்கட்டுமென்று, முதல் நாளே வயிறு முட்டக் கொள்ளு வைத்திருந்தார்கள்.

டெஸ்ட் கடைக்காரர் மிஷின் குழாயோடு வந்தார். "இன்ஜினைப் போடுங்க."

"அது ஓடறதில்லீங்க. இப்ப வண்டியை ஓட்டறது இவங்க ரெண்டு பேருதான்" என்று சடையப்பன் செவலையின் வாலை மரியாதையாகத் தூக்கிப் பிடித்தார். "கூச்சப்படாம வைங்க தம்பி."

கடைக்காரர் குழாயும் கையுமாக வாலுக்குப் பின்னாலேயே நின்றார். அந்த நேரம் பார்த்துச் செவலை வயிற்றை எக்கியது. அடேயப்பா! மிஷின் அலறிய அலறலில் ரோட்டில் போனவன் ஒதுங்கி நின்றான். கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடைக்குள் ஓடினார்.

"பெயிலாட்ட இருக்குது" என்று சடையப்பன் மாட்டின் மேல் சாய்ந்து விசும்பினார். "எம் புள்ள வேற வண்டியிலதான் போகோணுமா?"

"அழுகாதீங்கண்ணா" என்றார் நாச்சிமுத்து. "வண்டி மேல குத்தமில்ல. மாட்டை மாத்தினாப் போதும்."

முகூர்த்தத்தன்று மாப்பிள்ளை ஊருக்குள் அம்பாசடர் துளிப் புகை இல்லாமல் நுழைந்தது. முன் சீட்டில் மரகதம் பட்டுப்புடவையில் சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் கட்டியிருந்த காளைகள் அசைபோட்டபடி ஹாயாக நடந்து வந்தன. முன்னால் நுகத்தடியில் மூன்று பேரும் மூச்சு வாங்க இழுத்து வந்தார்கள்.

மாப்பிள்ளை ஓடிவந்தார். அவருக்கே மனசு இளகிவிட்டது. "மாமா! கொஞ்சங்கூடப் புகையே இல்லீங்களே!" என்று காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தார்.

சடையப்பன் பதறிப்போய்ப் பின்புறத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் தள்ளியே நில்லுங்க மாப்ளே. எங்க மூணு பேருக்கும் இன்னும் டெஸ்ட் எடுக்கலீங்க. காலையில தெம்புக்குன்னு கொள்ளு ரசம் வேற குடிச்சிருக்கறோம்."