தளபதிக்கும் ஒரு ஸ்பேர்

விமானந்தாங்கிக் கப்பலுக்குப் புதிதாக வந்த தளபதி மார்த்தாண்டன், உதிரிபாகக் கிடங்கில் நின்று கத்தினார். "இந்தக் கப்பல்ல ஸ்பேர் இல்லாம ஒண்ணுகூட இருக்கக் கூடாது. நாளைக்குள்ள முடிக்கலைன்னா வேலை போயிடும்!"

கிடங்குக்காரன் லூர்துசாமிக்குத் தலை சுற்றியது. திருகாணிக்கு ஸ்பேர் உண்டு. விமானம் இறங்குகிற மேல்தளத்துக்கு? எல்லாவற்றுக்கும் சேர்த்தால் இன்னொரு கப்பலே ஆகிவிடுமே, அதை எங்கே வைப்பது?

மறுநாள் தளபதி தன் அறைக்குள் நுழைந்தால், அவருடைய இன்னொரு தொப்பியை மாட்டிக்கொண்டு, அவர் நாற்காலியில் சமையல்காரர் மஸ்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யாருய்யா இது?"

"உங்க ஸ்பேர் சார்," என்றான் பக்கத்தில் நின்ற லூர்துசாமி. "மேலேயிருந்து ஆரம்பிச்சிருக்கேன்."

தளபதி திருதிருவென விழித்தார். "இவரை வெச்சு என்னய்யா பண்றது?"

"காலையிலிருந்து உங்க இடத்துல மாட்டித்தான் பாக்குறேன் சார். கப்பல்ல யாருக்கும் வித்தியாசமே தெரியல."