விதைப் பொன்

ஒரு மனுஷன் ஆயுசு முழுக்க நடக்காத காரியம் ஒன்றையே செய்து பார்த்துவிட்டு, செய்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதியும் வைத்துவிட்டுப் போனால், அந்த நோட்டை நீங்கள் என்ன செய்வீர்கள்? அடுப்பில் போடுவீர்களா, அலமாரியில் வைப்பீர்களா?

காத்தமுத்து வாத்தியார் எரித்துவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தார்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். அதற்குப் பிறகுதான் மாதரசியிடம் மாணவராகச் சேர்ந்தார். மாதரசிக்கு வாத்தியாரைவிட இருபது வயது குறைவு. சீனம், அரபி, கிரேக்கம் மூன்றும் படித்தவர். மலையடிவாரத்தில் ஒரு சுவடி நிலையம் வைத்திருந்தார். செம்பைப் பொன்னாக்கப் பார்த்தவர்கள் எந்தெந்த நாட்டில் இருந்தார்கள், என்னென்ன செய்தார்கள், என்ன எழுதி வைத்தார்கள் என்று தேடிச் சேர்ப்பதே அங்கே வேலை.

மாதரசி வாத்தியாரை "அண்ணே" என்பார். வாத்தியார் மாதரசியை "அம்மா" என்பார்.

"குரு சிஷ்யனை அண்ணேங்கிறாங்க. சிஷ்யன் குருவை அம்மாங்கிறார். இதுல யார் கால்ல யார் விழுறது?" என்று நிலையத்துக் காவல்காரர் கேட்பார்.

"யாருக்கு இடுப்பு வலி இல்லையோ அவங்க விழலாம்," என்பார் வாத்தியார்.

சேர்ந்த முதல் நாளே வாத்தியார் ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, செம்பு செம்புதான், பொன் பொன்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அதுகூடத் தெரியாத முட்டாள்களைப் பத்தி நாம எதுக்குப் படிக்கணும்?"

மாதரசி ஒரு குண்டானில் பாலைக் காய்ச்சச் சொன்னார். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒரு கரண்டி தயிர் விட்டு மூடிவைக்கச் சொன்னார்.

மறுநாள் காலை மூடியைத் திறந்தார்.

"என்ன இருக்கு, அண்ணே?"

"தயிர்."

"நேத்து?"

"பால். ஒரு கரண்டி தயிர் விட்டோம்."

"அந்த ஒரு கரண்டி மொத்தத்தையும் தன்னைப் போலவே ஆக்கிடுச்சு. கண்ணுக்குத் தெரியாத கிருமின்னு ஒண்ணு இருக்கறதே தெரியாத காலம். தினம் வீட்டுல இதைப் பார்க்கிற ஒருத்தர், உலையில உருகிக் கிடக்கிற செம்பைப் பார்த்தா என்ன நினைப்பார்?"

வாத்தியார் குண்டானையே பார்த்தார்.

"ஒரு துளி பொன்னைப் போட்டுப் பார்க்கலாம்னு நினைப்பார்."

"அதுக்குத்தான் விதைப் பொன்னுன்னு பேரு. போய் அந்தத் தயிரைக் கடைஞ்சு குடிங்க. நாளையிலேருந்து படிக்கலாம்."

மூன்று வருஷம் போனது. வாத்தியார் மறுபடி ஒருநாளும் யாரையும் முட்டாள் என்று சொல்லவில்லை. ஆனால் விதைப் பொன் வருகிற பக்கங்களைப் படியெடுக்கும் நாளில் அவருக்கு மத்தியானச் சோறு இறங்காது. கட்டி வந்த தூக்கு அப்படியே திரும்பிப் போகும். மாதரசி அதைக் கவனித்திருந்தார். கேட்டதில்லை.

அந்த வருஷம் வாத்தியாரின் தாயார் இறந்துபோனார். பதினைந்தாம் நாள் காலையில், சவரம் செய்யாத முகத்தோடு வாத்தியார் நிலையத்துக்கு வந்தார். கையில் துணியில் சுற்றிய ஒரு நோட்டு.

"எங்கம்மாவோட டிரங்குப் பெட்டியில இருந்துச்சு. சேலைக்கெல்லாம் அடியில. எங்கப்பா எழுதினது."

"உங்கப்பா எழுதினதா?"

"உங்ககிட்ட நான் சொன்னதில்லை. எங்கப்பா பேரு சின்னச்சடையன். அவரும் இந்த வேலைதான் பார்த்தார்."

மாதரசி கையிலிருந்த வேலையை வைத்துவிட்டார்.

"கொல்லையில உலை போட்டிருந்தார். மண் மூசையில செம்பை உருக்குறதும், ஊதுறதும், கொட்டுறதும். விளைஞ்ச நிலத்தை விட்டுட்டு அதுவேதான். எனக்கு ஒன்பது வயசு. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வர்றேன், எங்கம்மா கழுத்துல தாலி இல்லை. மஞ்சக் கயித்துல ஒரு மஞ்சத்துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கு. அப்பா சாகுறவரைக்கும் அது அதே துண்டுதான்."

"ஓ."

"ஊர்ல எனக்கு என்ன பேரு தெரியுமா? பித்தளைத் தங்கம். கபடி ஆடப் போனாக்கூட, 'வாடா பித்தளைத் தங்கம், எங்களையும் பொன்னாக்கு'ம்பானுங்க."

"அதனாலதான் இங்க வந்தீங்களா?"

"வேதியியல் படிச்சதே அதனாலதான்."

காவல்காரர் டீ கொண்டுவந்து வைத்தார். வாத்தியாரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

"நாளைக்குக் கருமாதி," என்றார் வாத்தியார். "அம்மாவோட பழஞ்சேலையெல்லாம் ஆத்தங்கரையில எரிப்போம். இதையும் அதோட போட்டுடப் போறேன். போடுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"கேளுங்க."

"எங்கப்பா ஏமாந்தவரா, ஏமாத்தினவரா?"

"நோட்டைப் படிச்சீங்களா?"

"துணியைக்கூடப் பிரிக்கலை."

மாதரசி எழுந்து போனார். அலமாரியிலிருந்து மூன்று கட்டுகளை எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

"இவர் சீனாக்காரர். 'விதைக்கு என் மனைவியின் கொண்டை ஊசியைப் போட்டேன்'னு எழுதியிருக்கார். இது அரபி. மகளோட காதணி. இந்தக் கிரேக்கக்காரர் பெத்த தாயோட மோதிரத்தைப் போட்டிருக்கார்."

"எல்லா நாட்டுலயும் திருடன் வீட்டுக்குள்ளயேதான் இருந்திருக்கான்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன், அண்ணே. அப்புறம் அடுத்த வரியைப் படிச்சேன்."

"அடுத்த வரி என்ன?"

"மூணு பேரும் ஒண்ணுதான் எழுதியிருக்காங்க. 'வரவில்லை.'"

வாத்தியார் கிரேக்கக் கட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஏமாத்துறவர் என்ன எழுதுவார்?" என்று மாதரசி கேட்டார்.

"வந்துச்சுன்னு எழுதுவார்."

"அப்படி எழுதினவங்க அந்தச் சுவர் முழுக்க இருக்காங்க. வராததை வரவில்லைன்னு எழுதினவங்களுக்கு இந்த ஒரு அலமாரி போதுமா இருக்கு. உங்கப்பா எந்தப் பக்கம்னு என்னைக் கேட்டா எப்படி? நோட்டு உங்க கையிலதானே இருக்கு."

வாத்தியார் துணியைப் பிரித்தார். தைத்த நோட்டு. பல பக்கங்களில் நெருப்புப் பொறி விழுந்த ஓட்டைகள். அவர் கண் ஒவ்வொரு பக்கத்திலும் நேராகக் கடைசி வரிக்கே போனது. வரவில்லை. அடுத்த பக்கம், வரவில்லை. திருப்பிக்கொண்டே போனவர் நடுவில் ஓரிடத்தில் நின்றார். வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில்தான் வாசிக்க ஆரம்பித்தார்.

"'ஆவணி ஏழு. செம்பு ஒரு பலம். பாதரசம் கால் பலம். விதைக்குப் பொன் இல்லாததால் உலையை அணைக்கப் போனேன். சிட்டம்மா வந்தாள். தானே கழற்றித் தந்தாள். இந்தத் தடவை வந்துவிடும் என்றாள். ஆறு குன்றிமணி எடை. போட்டேன். வரவில்லை.'"

நோட்டை மடியில் இறக்கினார்.

"சிட்டம்மா?"

"எங்கம்மா."

அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டே, "பிடுங்கிட்டார்னு நினைச்சேன்," என்றார். "ஐம்பத்திரண்டு வருஷமா."

"அவங்க சொல்லலையா?"

"நான் கேட்கலையே, அம்மா."

மாதரசி எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்தின் அடியில் இன்னொரு வரி இருந்தது. வேறு மை. எழுத்துகள் கோணலும் மாணலுமாக, பலகையில் முதன்முதலாக எழுதிப் பழகும் குழந்தையின் எழுத்துப் போல இருந்தன.

"இது வேற யாரோ எழுதினதா?"

"இல்லை. அவர்தான். பாதரசப் புகையை வருஷக்கணக்கா குடிச்சா கை நடுங்கும். கடைசி நாலு வருஷம் அவரால ஒரு கவளம் சோத்தை வாய்க்குக் கொண்டுபோக முடியாது. அம்மாதான் ஊட்டிவிடும்." வாத்தியார் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "அப்ப எழுதியிருக்கார். திரும்பிவந்து இந்தப் பக்கத்தைத் தேடியெடுத்து எழுதியிருக்கார். இந்த ஒரு வரிக்கு அவருக்கு அரை நாள் ஆகியிருக்கும்."

"என்ன எழுதியிருக்கார்?"

"'வாங்கியிருக்கக் கூடாது.'"

டீ ஆறிப்போனது. வெளியே காவல்காரர் யாரிடமோ மழை வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வாத்தியார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நோட்டை மூடி மேசையில் வைத்து, மாதரசி பக்கம் மெல்லத் தள்ளினார்.

"நான் எரிக்கலை. நீங்களே வச்சுக்குங்க. இந்த அலமாரியில சேர்த்துக்குங்க. பேரு போடுங்க, ஊரு போடுங்க. எதையும் மறைக்க வேணாம். ஆனா அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுடுங்க."

"ஏன்?"

"செம்பு எவ்வளவு, பாதரசம் எவ்வளவு, வந்துச்சா வரலையா, இதெல்லாம் ஆராய்ச்சிக்கு வேணும். அந்த வரி எதுக்கு? அது எங்க வீட்டு விஷயம்."

மாதரசி மேசையில் கிடந்த மூன்று கட்டுகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து, அதே பக்கத்தைத் தேடியெடுத்து, வாத்தியாருக்கு நேராகத் திருப்பி வைத்தார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டார்.

"இருபது வருஷமா இவங்களையெல்லாம் படிக்கிறேன், அண்ணே. கொண்டை ஊசியைப் போட்டவர் அதோட எடையை எழுதினார். மோதிரத்தைப் போட்டவர் அன்னைக்கு எந்தப் பக்கமிருந்து காத்து அடிச்சதுன்னுகூட எழுதி வச்சிருக்கார். இந்த வரியை இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதி நான் பார்க்கலை."

பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"அதுலேருந்து வாசிங்க. நான் எழுதிக்கிறேன்."